மண்டை ஓடா, பல்லா?

கரீபியன் தீவுகளில் அழிந்துபோன குரங்குகளை இனம் பிரிக்க எதை நம்புவது?

கிடைப்பது: எனாமல் பூசிய பல் குகை மண்ணில் தாங்கும், மண்டை ஓடு எளிதில் நொறுங்கும்.

அளவு: முளைத்த பல் வளராது, தேயும், அவ்வளவுதான். ஓடு வயதோடும் பாலினத்தோடும் மாறும். ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்கிவிடலாம்.

உறவு: இங்கேதான் வம்பு. கியூபா ஓட்டைப் பார்த்து தென் அமெரிக்க ஊளைக் குரங்கின் உறவென்று 1991-இல் பெயரிட்டார்கள், பற்கள் ஒத்துவரவில்லை. ஆனால் பல்லும் யோக்கியமில்லை. 1920-இல் ஜமைக்காவில் கிடைத்த தாடையில் மூன்றாம் கடைவாய்ப் பல் இல்லாததால், அதேபோல் அந்தப் பல் இல்லாத மார்மோசெட் என்ற தென் அமெரிக்கச் சிறு குரங்கோடு அதை ஒப்பிட்டார்கள். 2018-இல் டிஎன்ஏ காட்டிய உறவோ டிட்டி என்ற வேறொரு தென் அமெரிக்கக் குரங்கு.

இனங்களை எண்ண, உணவை ஊகிக்க என் தேர்வு பல். மூளை, கண்குழி பற்றியென்றால் ஓடுதான்.