குறை சொன்னவர்களை விட்டுவிட்டுக் குறையே இல்லை என்றவரிடம் வாங்கினேன்: பயன்படுத்திய டீசல் செடான் தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

கார் கைக்கு வந்த பத்தொன்பதாம் நாள், நெடுஞ்சாலையில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி 80 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, கல் பாவிய பாதையில் ஏறிவிட்டதைப் போல வண்டி முழுவதும் கடகடவென்று அதிர்ந்தது. சாலை வழவழப்பாகத்தான் இருந்தது. காலை எடுத்தால் அதிர்வு நின்றது. மறுபடி லேசாக மிதித்தால் மறுபடி வந்தது. அழுத்தி மிதித்தால் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் சீறிப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலுக்கு ஆசைப்பட்டுத்தான் அந்தக் காரையே வாங்கியிருந்தேன். அந்த அதிர்வின் மூலத்தைத் தேடிப் போனபோது வெளிவந்தவற்றை, இதே வகைக் காரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நான் வாங்கிய காரின் பெயரையோ, தேர்வில் இருந்த மற்ற இரண்டின் பெயர்களையோ சொல்லப்போவதில்லை. என்னை ஏமாற்றியவர் விற்பனையாளர். காரைத் தயாரித்த நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. மூன்றுமே மூன்று லிட்டர் கொள்ளளவும் ஆறு சிலிண்டரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் கொண்ட டீசல் செடான்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

இவ்வகைக் கார்களின் கவர்ச்சி அவற்றின் இழுவையில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ 335டி 286 குதிரைத்திறனையும் 580 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் தந்தது; ஜாகுவார் எக்ஸ்எஃப்பின் மூன்று லிட்டர் டீசல் எஸ் 275 குதிரைத்திறனும் 600 நியூட்டன் மீட்டரும் தந்தது. நான்கு பேர் வசதியாக அமரும் ஒரு கார், பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஈடாக ஓடிக்கொண்டே எரிபொருளையும் சிக்கனமாகக் குடிக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இந்த எண்களை ஒப்பிடுவதிலேயே நான் இரண்டு மாதங்களைச் செலவழித்தேன்.

எண்களோடு நோய்களையும் படித்தேன். பிஎம்டபிள்யூவின் எம்57 என்ஜின்களில் காற்று உள்ளே செல்லும் மேனிஃபோல்டில் இருக்கும் சுழல்தகடுகள் கழன்று சிலிண்டருக்குள் விழக்கூடும் என்பதையும், 2007-இல் வந்த அதன் நான்கு சிலிண்டர் என்47 என்ஜினில், வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கமாக, கியர்பாக்ஸை ஒட்டி இருப்பதால் தேய்ந்த செயினை மாற்றுவதே பெரிய அறுவை சிகிச்சை ஆகிவிடும் என்பதையும் தெரிந்துகொண்டேன். ஆடியின் வி6 டீசலிலும் செயின் பின்னால்தான் இருக்கிறது. மெர்சிடிஸின் ஓஎம்642 என்ஜினில் ஆயில் கூலர் இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் புதைந்திருப்பதால், அதன் விலை குறைந்த ரப்பர் சீல் கசிந்தால்கூட மேலே இருப்பதையெல்லாம் கழற்றிய பிறகே அதைத் தொட முடியும். இவையெல்லாம் பயனுள்ள செய்திகள்தாம். ஆனால் இவை ஒரு மாடலைப் பற்றிய செய்திகள். நான் வாங்கப்போவது ஒரு மாடலை அல்ல, அந்த மாடலில் யாரோ ஒருவர் பத்தாண்டுகளாக ஓட்டிய ஒரே ஒரு வண்டியை என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதல் காரின் உரிமையாளர், கியர்பாக்ஸின் அடியில் லேசான எண்ணெய்க் கசிவு இருப்பதைக் காரின் கீழே விளக்கடித்து அவராகவே காட்டினார். கியர்பாக்ஸ் ஆயிலை ஒருமுறை மாற்றியதற்கான ரசீதையும் எடுத்து வைத்தார். இரண்டாம் கார் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தபோது சற்றுத் திணறியது. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களில் ஒன்று பலவீனமாக இருப்பதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார், விலையில் அதற்காகக் குறைத்துக்கொள்கிறேன் என்றார் உரிமையாளர். இரண்டு கார்களையும் நான் நிராகரித்தேன். இப்போது நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது: உண்மை பேசிய இருவரையும் அவர்கள் உண்மை பேசிய காரணத்துக்காகவே தள்ளிவிட்டேன்.

மூன்றாம் காரை ஒரு வியாபாரி விற்றார். மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர், குறை ஒன்றுமில்லை. செயின் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன், சுழல்தகடுகளைப் பற்றிக் கேட்டேன், ஆயில் கசிவைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நான் எதிர்பார்த்த சொற்களிலேயே பதில் வந்தது. நான் படித்ததையெல்லாம் அவரும் படித்திருந்தார் என்பதுதான் விஷயம். நூற்றைம்பது அம்சங்களைச் சோதித்ததாக ஓர் அறிக்கையையும் நீட்டினார். பின்னர் நிதானமாகப் படித்தபோது, ஹாரன் அடிக்கிறதா, வைப்பர் ஓடுகிறதா, சாம்பல் கிண்ணம் இருக்கிறதா என்பவை எல்லாம் அதில் இருந்தன. புகைக்கரி வடிகட்டியைப் பற்றியோ, கியர்பாக்ஸ் கணினியைப் பற்றியோ ஒரு வரியும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பானெட் சுட்டது. உங்களுக்காக நகர்த்தி வைத்தேன் என்றார். டீசல் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மாலையில் வேறொருவர் முன்பணத்தோடு வருகிறார் என்ற ஒரு வாக்கியத்துக்கு மயங்கி, ஏழு கிலோமீட்டர் நகர நெரிசலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘இருக்கும் நிலையிலேயே’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டு அன்றே காரை எடுத்து வந்தேன்.

அதிர்வு தொடங்கிய பின் இவ்வகைக் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். காரின் கணினிகளில் உள்ள பதிவுகளைப் படிக்கும் ஸ்கேனரை அவர் முதலில் எடுக்கவில்லை. பின்னால் போய், புகைக்குழாயின் உட்புறத்தில் விரலை விட்டுத் துடைத்து எனக்குக் காட்டினார். விரல் கண்மையைத் தொட்டதுபோல் கறுத்திருந்தது. ‘வடிகட்டி இல்லைங்க’ என்றார்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டீசல் புகையிலுள்ள கரியை டிபிஎஃப் எனப்படும் வடிகட்டி பிடித்து வைத்துக்கொள்கிறது. அது நிரம்பும்போது என்ஜின் கூடுதலாக டீசலைத் தெளித்து, வெளியேறும் வாயுவின் வெப்பத்தைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு உயர்த்தி, சேர்ந்த கரியை எரித்துவிடும். இதற்குக் கார் சிறிது நேரம் தடையின்றி ஓட வேண்டும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே போய்வரும் காரில் இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுபோகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால் அதை நல்ல சகுனம் என்று எண்ணிவிடாதீர்கள். மேலும், எரிவது கரி மட்டுமே. ஆயிலில் கலந்துள்ள வேதிப்பொருள்களிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கும். இதனால்தான் இவற்றுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சாம்பல் நிறைந்துவிட்டால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்; இரண்டும் செலவு. இந்தச் செலவைத் தவிர்க்கச் சிலர் உறையை அறுத்து, உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூட்டை இடித்தெடுத்துவிட்டு, வெற்று உறையைத் திரும்பவும் பற்றவைத்து விடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வடிகட்டி இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

என் காரில் நடந்திருந்ததும் இதுதான். காரை மேலே தூக்கிப் பார்த்தபோது, உறையின் மேற்பக்கத்தில், கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் இடத்தில், கரடுமுரடான வெல்டிங் தழும்பு இருந்தது. வடிகட்டியின் முன்னும் பின்னுமான அழுத்த வேறுபாட்டை அளக்கும் சென்சார், என்ஜினை எவ்வளவு முடுக்கினாலும் ஏறக்குறைய பூஜ்யத்தையே காட்டியது. வடிகட்டி இல்லாததை என்ஜின் கணினி கண்டுகொள்ளாதிருக்க அதன் மென்பொருளை மாற்றியிருந்தார்கள்; மாற்றும்போதே முறுக்குவிசையையும் உயர்த்தி வைத்துவிட்டார்கள். நான் மயங்கிய அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் அதுவே. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முன்னால், என்ஜினின் இழுவையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் ஒரு பூட்டுக் கிளட்ச் உண்டு. நிதானமான வேகத்தில் அது பிடித்துக்கொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய இழுவையைப் பல ஆண்டுகள் தாங்கித் தேய்ந்துபோன அந்தக் கிளட்ச் பிடித்துப் பிடித்து வழுக்கியதே நான் உணர்ந்த கடகடப்பு. கியர்பாக்ஸ் ஆயிலும் கருகியிருந்தது. இந்த ஆயில் வாழ்நாள் முழுவதற்கும் போதும் என்று பல கார் நிறுவனங்கள் சொல்லி வந்தாலும், இவ்வகைக் கார்கள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் தரும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. முதல் காரின் உரிமையாளர் எடுத்து வைத்த அந்த ரசீதின் மதிப்பு எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது மீட்டர். டாஷ்போர்டில் தெரியும் எண்ணைக் குறைப்பது எளிது. ஆனால் நவீன கார்களில் ஓடிய தூரம் ஓரிடத்தில் மட்டும் பதிவாவதில்லை. மாடலைப் பொறுத்துச் சாவியிலும், விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், கியர்பாக்ஸ் கணினியிலும் அதன் தடம் இருக்கும். ஒரு கோளாறு பதிவாகும்போது அது எத்தனையாவது கிலோமீட்டரில் நிகழ்ந்தது என்பதையும் பல கணினிகள் சேர்த்தே எழுதி வைக்கும். என் காரின் கியர்பாக்ஸ் கணினியில் ‘பூட்டுக் கிளட்ச் வழுக்கல்’ என்ற கோளாறு 2,14,000 கிலோமீட்டரில் பதிவாகியிருந்தது. டாஷ்போர்டு சொன்னதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு! ஸ்டீயரிங்கின் தோல் பளபளத்திருந்ததையும், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருந்ததையும் நான் பார்த்திருந்தேன். சூரிய வெளிச்சம் என்று அவர் சொன்னதை நம்பினேன்.

கடைசியாக மெக்கானிக் காட்டியதுதான் என்னை மிகவும் உறுத்தியது. என்ஜின் கணினி, கோளாறுப் பதிவுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பின் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதை எண்ணிக்கொண்டே இருக்கும். அது 649 என்று காட்டியது. காரை எடுத்து வந்த பிறகு நான் ஓட்டியது 631. எஞ்சிய 18-இல் ஏழு, சோதனை ஓட்டம். ஆக, நான் போய்ச் சேர்வதற்குப் பதினொரு கிலோமீட்டர் முன்பு யாரோ பதிவுகளை அழித்துவிட்டு, எச்சரிக்கை விளக்கு மீண்டும் எரிகிறதா என்று ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். பானெட் சுட்டதன் காரணம் அதுதான். அவர்கள் பயன்படுத்திய மலிவான கருவி என்ஜின் கணினியை மட்டுமே தொட்டதால் கியர்பாக்ஸின் பதிவு தப்பியது.

வியாபாரியை அழைத்தேன். முதலில், பழைய கார் என்றால் நாலும் இருக்கும் என்றார். மெக்கானிக்கின் அறிக்கையை அனுப்பியதும், எனக்கே அப்படித்தான் வந்தது என்றார். மூன்றாம் முறை, நீங்கள் கையெழுத்திட்ட தாளைப் படித்துப் பாருங்கள் என்றார். ‘இருக்கும் நிலையிலேயே’ என்ற சொல் தெரிந்தே மறைத்த மோசடிக்கும் கேடயமாகுமா என்பதை இப்போது ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விளம்பரத்தில் கிலோமீட்டர் எழுதியிருந்த பக்கத்தை நான் சேமித்து வைத்திருந்தது நல்லதாயிற்று என்கிறார் அவர்.

நீங்கள் போகும்போது, முந்தைய இரவே அழைத்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சுட்டால், மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். புகைக்குழாயில் விரல் விட்டுப் பாருங்கள்; வடிகட்டி வேலை செய்யும் காரில் உட்புறம் ஏறக்குறைய சுத்தமாகவே இருக்கும். சாதாரண ஸ்கேனர் ஒன்று இருந்தால், பதிவுகள் அழிக்கப்பட்ட பின் ஓடிய தூரத்தை முதலில் படியுங்கள். அது இருபது, முப்பது என்று காட்டினால் காரணத்தைக் கேளுங்கள். அனைத்துக் கணினிகளையும் படிக்கும் கருவியோடு ஒரு மெக்கானிக்கை நீங்களே கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் தரும் மெக்கானிக் வேண்டாம். சோதனை ஓட்டத்தில் சீறிப் பாய்வதைவிட, நெடுஞ்சாலையில் 70-லிருந்து 90 வரை மிக லேசாக மிதித்தபடி ஐந்து நிமிடம் போவதே அதிகம் சொல்லும். வடிகட்டி நீக்கப்பட்ட கார் பல நாடுகளில் சட்டப்படி சாலையில் ஓட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், இருக்க வேண்டிய வடிகட்டி இல்லையென்றால் ஆண்டுச் சோதனையில் தோல்விதான்.

டார்க் கன்வெர்ட்டரை மாற்றி, புதிய வடிகட்டி பொருத்தி, மென்பொருளைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்ப, நான் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை எதையும் கழற்ற வேண்டாம் என்பது வழக்கறிஞரின் சொல். அதனால் கார் அப்படியே நிற்கிறது. இதற்கிடையே இரண்டாம் காரின் உரிமையாளரை அழைத்துப் பார்த்தேன். இன்ஜெக்டரை மாற்றிவிட்டாராம், விற்கும் எண்ணத்தையும் விட்டுவிட்டாராம்.