டெம்போ டிராவலரை ஃபோர் பை ஃபோர் ஆக்கித் தர்றோம்னு யாராவது சொன்னா அட்வான்ஸ் குடுத்துடாதீங்க

கொஞ்சம் பெரிய பதிவு, கேம்பர் வேன் (உள்ளயே கட்டில், அடுப்பு வச்ச வண்டி) கட்டணும்னு ஆசை இருக்கிறவங்க தயவு செஞ்சு முழுசா படிச்சிருங்க. வண்டி விலை தவிர, கன்வெர்ஷனுக்கு மட்டும் 11 லட்சத்து 40 ஆயிரம் போச்சு எனக்கு, அதுல 4 லட்சத்து 75 ஆயிரம் அந்த ஃபோர் பை ஃபோருக்கு (நாலு வீலுக்கும் இன்ஜின் சக்தி போற அமைப்பு) மட்டும்.

எங்கப்பாவுக்கு 68 வயசு, முட்டி வலி. லடாக் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, ஆனா அவரால நாலு மணி நேரத்துக்கு மேல கால மடக்கி உக்கார முடியாது, நடுவுல படுத்தே ஆகணும். அதுக்குத்தான் கட்டில் போட்ட வண்டி. ஸ்பிதி, ஜான்ஸ்கர் பக்கமெல்லாம் போகணும்னா நாலு வீலும் இழுத்தா நல்லதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வெளிநாட்டுல ஸ்ப்ரின்டர் ஃபோர் பை ஃபோர் வருது, ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் ஃபோர்மோஷன் வருது, ஃபோர்டு டிரான்சிட்ல ஆல் வீல் டிரைவ் இருக்கு, வாங்கி உள்ள கட்டில் அடுப்பு வச்சா முடிஞ்சுது. இங்க நான் ஷோரூம்ல கேட்டப்போ டிராவலர்ல பின் வீல் டிரைவ் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. ஃபோர் பை ஃபோர் வேணும்னா டிராவலர் பண்ற ஃபோர்ஸ் கம்பெனியோட கூர்க்கா ஜீப், இசுஸு வி கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி வண்டிங்கதான். பொலேரோ கேம்பர்னு பேர்லயே கேம்பர் இருக்குதேன்னு அதையும் பாத்தேன், அது டபுள் கேபின் பிக்கப், தூங்கற வண்டி இல்ல.

அப்பத்தான் வேன் கன்வெர்ஷன் பண்ற ஒரு கடைக்காரர் மாட்டினார். பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார், கேஸ் நடக்குது. போன்ல அவர் சொன்னது இதுதான், "சார், டிராவலர்லயும் கூர்க்காலயும் ஒரே 2.6 லிட்டர் இன்ஜின் சார், ஒரே கம்பெனி, கூர்க்காவோட டிரான்ஸ்பர் கேஸ், ஃப்ரன்ட் ஆக்சில் ரெண்டையும் புதுசா வாங்கி போட்டுட்டா ஃபேக்டரி வண்டி மாதிரியே இருக்கும்." டிரான்ஸ்பர் கேஸ்னா இன்ஜின் சக்திய முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கற பெட்டி, ஃப்ரன்ட் ஆக்சில்னா அந்த சக்தி முன் வீலுங்களுக்குப் போற பாகம். இன்ஜின் ஒரே குடும்பம்கறது உண்மைதான், பழைய மெர்சிடிஸ் டிசைன்ல இருந்து வந்தது. உண்மையோட சேத்து சொன்னதால மீதியையும் நம்பிட்டேன். செகண்ட் ஹேண்ட் டிராவலர் ஒண்ணு வாங்கி 2023 ஜூன்ல அவர் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். 60 பர்சென்ட் அட்வான்ஸ். பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும் சார்னு பாதிய கேஷா வாங்கிட்டார். மூணு மாசம்னு சொன்ன வேலை எட்டு மாசம் ஆச்சு.

வண்டி கைக்கு வந்தப்போ பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டு இஞ்ச் லிஃப்ட், பெரிய மட் டயர், கியர் லீவர் பக்கத்துல இன்னொரு குட்டி லீவர். "ஹில்ஸ்ல ஃபோர் பை ஃபோர் போட்டே ஓட்டுங்க சார், தார் ரோட்டுல ஒண்ணும் ஆகாது"ன்னார். இது தப்புங்க. சென்டர் டிஃப்ரன்ஷியல் (முன் வீலையும் பின் வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற பாகம்) இல்லாத இந்த மாதிரி செட்டப்ப சேறு, மணல், பனியில மட்டும்தான் போடணும், காஞ்ச தார் ரோட்டுல போடவே கூடாது. அன்னிக்கு எனக்கு அது தெரியல.

2024 ஜூன்ல கொடைக்கானல் தாண்டி மன்னவனூர் போனோம், அப்பா அம்மா மனைவி எல்லாரும். லடாக் போறதுக்கு முன்னாடி ஒரு ட்ரயல்னு நெனச்சோம். மழை பேஞ்சு புல்வெளி சேறாகி டயர் இறங்கிடுச்சு, லீவர போட்டேன், உறுமிக்கிட்டு வெளிய வந்துச்சு, எல்லாரும் கை தட்டினாங்க. அப்படியே லீவர எடுக்காம பூம்பாறை பக்கம் தார் ரோட்டுல வந்தேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, வளைவுல முன் டயர் எகிறி எகிறி விழுந்துச்சு, லீவர பின்னாடி இழுத்தா வர மாட்டேங்குது. ஒரு கொண்டை ஊசி வளைவுல டமார்னு ஒரு சத்தம், வண்டி நின்னுருச்சு. மணி ஏழரை, மழை, சிக்னல் இல்ல, அப்பா உள்ள கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து என்னாச்சுப்பா என்னாச்சுப்பான்னு கேக்கறார். அந்தக் குரல் இன்னிக்கும் எனக்கு மறக்கல.

மறுநாள் ரெக்கவரி வண்டி வச்சு வத்தலக்குண்டு வரைக்கும் இறக்கினோம். அங்க ஒரு வயசான மெக்கானிக், பழைய ஜீப்பு வேலைதான் அவருக்கு. அடியில படுத்து பாத்துட்டு "தம்பி, இது கூர்க்கா ஆக்சில் இல்ல, ஏதோ பழைய ஜீப்போடது, பெயிண்ட் மட்டும் புதுசு"ன்னார். எப்படிண்ணே அவ்வளவு உறுதியா சொல்றீங்கன்னு கேட்டேன். பேசல, சாக்பீஸ் எடுத்தார். ஒரு பின் வீல மட்டும் ஜாக்கில தூக்கி, கியர நியூட்ரல்ல விட்டு, டயர்ல ஒரு கோடு, ஷாஃப்ட்ல (ஆக்சிலுக்கு சக்தி கொண்டு வர்ற நீளமான தண்டு) ஒரு கோடு போட்டார். அந்த டயர சரியா ரெண்டு சுத்து சுத்தினா (இன்னொரு வீல் தரையில நிக்கிறதால ரெண்டு சுத்து வேணும்) ஷாஃப்ட் நாலேகால் சுத்துக்கு கொஞ்சம் மேல சுத்துச்சு. முன்னாடி ஷாஃப்ட கழட்டி விட்டுட்டு முன் வீல அதே மாதிரி சுத்தினா கிட்டத்தட்ட அஞ்சு. அதாவது முன்னாடி கிரவுன் பினியனும் (ஆக்சிலுக்குள்ள இருக்கிற பல்சக்கர ஜோடி) பின்னாடி கிரவுன் பினியனும் வேற வேற ரேஷியோ, வீல் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் எத்தன சுத்து சுத்தணும்கற கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணா இல்ல. பின் வீலு ஒரு வேகத்துல தள்ளுது, முன் வீலு அத விட மெதுவாத்தான் சுத்துவேன்னு புடிச்சு இழுக்குது. சேத்துல வழுக்கறதால தெரியல, தார் ரோட்டுல வழுக்க வழி இல்லாம அந்த இழுப்பு பூரா டிரான்ஸ்பர் கேஸ்ல போய் உள்ள பல்லு சிதறிடுச்சு. நீங்க எந்த ஃபோர் பை ஃபோர் கன்வெர்ஷன் வண்டி பாக்கப் போனாலும் இந்த சாக்பீஸ் டெஸ்ட பண்ணிப் பாக்காம காசு குடுக்காதீங்க, அரை மணி நேரம் கூட ஆகாது.

பேப்பர் கதை தனி. ஆர்சி மாத்தித் தர்றது எங்க பொறுப்புன்னு வாட்சப்ல வாய்ஸ் நோட்டே அனுப்பியிருக்கார், ஒண்ணும் பண்ணல. ஆர்டிஓ ஆபீஸ் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் தெளிவா சொல்லிட்டார், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக் கூடாது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு, கேரவான்னா அதுக்கு ஏஐஎஸ் 124னு தனி ஸ்டாண்டர்டு இருக்கு, டெஸ்ட் ஏஜென்சி அப்ரூவல் எங்கன்னு கேட்டார். என்கிட்ட என்ன இருக்கு? எடை மேடையில ஏத்திப் பாத்தா ஆர்சில இருக்கிற மொத்த எடைய விட 310 கிலோ அதிகம், அதுவும் தண்ணி டேங்க் காலியா, ஆளே இல்லாம. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இந்த வண்டி ஆக்சிடென்ட் ஆனா கிளைம் நிக்காதுன்னு முகத்துக்கு நேராவே சொல்லிட்டாங்க. இதுல எங்கப்பா அம்மாவ ஏத்திட்டு மலை ஏறியிருக்கேன்னு நெனைக்கும்போது வயிறு கலங்குது.

கடைக்காரர் இப்ப போன் எடுக்கறதில்ல. கடைசியா பேசினப்போ "நீங்க தப்பா ஓட்டிட்டீங்க சார்"ன்னார்.

2024 நவம்பர்ல மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டேன். 50 லட்சம் வரைக்கும் குடுத்த விஷயத்துக்கு அங்கயே போடலாம், பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுறணும், தள்ளிப் போடாதீங்க. கேஷா குடுத்த பாதிக்கு ஆதாரம் இல்லாம முழிக்கிறேன். பேங்க் டிரான்ஸ்பரும் அந்த வாய்ஸ் நோட்டும்தான் காப்பாத்துது, அதனால போன்ல பேசினதையெல்லாம் உடனே ஒரு தடவ மெசேஜா அனுப்பி அவங்கள ஓகே போட வைங்க. ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்துட்டீங்கன்னா இன்னிக்கே ஒர்க்‌ஷாப் போய் ஆக்சில் எங்க வாங்கினாங்க, பில் எங்கன்னு கேளுங்க, ஆக்சிலோட ஹவுசிங்க (வெளிக்கூட்ட) போட்டோ எடுங்க.

வத்தலக்குண்டு அண்ணன் சிதறின டிரான்ஸ்பர் கேஸ கழட்டிட்டு பழைய கியர்பாக்ஸ் லைன நேரா பின்னாடி குடுத்து வீடு வரைக்கும் ஓட்டற மாதிரி பண்ணிக் குடுத்தார், கூலி 6,000தான் வாங்கினார். வீடு வந்து நிறுத்தினதுதான், அதுக்கப்புறம் வண்டிய வெளிய எடுக்கல. உடஞ்ச பல்லு, முன் ஷாஃப்ட் எல்லாத்தையும் தூக்கிப் போடாதீங்க, ஆணையத்துல காட்டணும்னு வக்கீல் சொல்லியிருக்கார். சாக்குல சுத்தி அப்பாவுக்காக செஞ்ச அந்தக் கட்டிலுக்கு அடியிலயே வச்சிருக்கேன்.