வார்ப்பு ஈயக்குண்டு மொத்தமாக வாங்குமுன் பத்துக் குண்டையாவது அளந்து பாருங்கள்

போன சனிக்கிழமை சுடுதளத்தில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். மதுரைப் பக்கம், ஒஹாயோவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறதாம். புதிதாக ஒரு ஹை-பாயிண்ட் கார்பைன் (மலிவு விலை நிறுவனம் ஒன்றின் குட்டை ரைஃபிள்) வாங்கியிருக்கிறார், சுட்ட கூட்டில் புதிய மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவையும் வீட்டிலேயே ரீலோட் செய்யத் தொடங்கிவிட்டார். குண்டு எங்கே வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன கடைப் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2021இல் என்னை ஏமாற்றிய அதே இணையக் கடை. அதே 125 கிரெய்ன் (எட்டு கிராம் சொச்சம்) குண்டு, அதே "கடினக் கலவை" விளம்பரம்.

அவரிடம் அரை மணி நேரம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இப்படி விற்கிறவர்கள் அவர்கள் மட்டும் இல்லை, ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டு இன்னொருவரிடம் மாட்டிக்கொள்வதில் பயன் இல்லை. சரக்கைச் சோதிக்கத் தெரிந்துகொண்டால் யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம்.

அதற்கு முன் ஒன்று. எச்-1பி, எஃப்-1 மாதிரியான விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதையும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நம் ஆட்களில் இது தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது இரண்டும் ஹை-பாயிண்ட். ஒன்று சி9 கைத்துப்பாக்கி, இன்னொன்று 995 கார்பைன். இரண்டும் 9 எம்எம். இரண்டையும் பழையதாக வாங்கினேன், சேர்த்தே 400 டாலருக்குள் முடிந்தது. நான் இருக்கும் கொலம்பஸிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம் காரில் போனால் மான்ஸ்ஃபீல்ட், இந்தத் துப்பாக்கிகள் அங்கேதான் தயாராகின்றன. பார்க்க அழகாக இருக்காது, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். சுடும் நொடியில் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, குழலோடு பூட்டி வைக்கும் அமைப்பு இதில் கிடையாது. தோட்டா வெடிக்கும்போது பின்னால் வரும் விசையை ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்க வேண்டும், அதனால் ஸ்லைடைக் கனமாகச் செய்கிறார்கள். அந்த ஸ்லைடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஆனால் குழல் எஃகு. இதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2020இல் தொற்றுக் காலம் தொடங்கியதும் 9 எம்எம் தோட்டா கடைகளில் கிடைக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்த ஐம்பது தோட்டாப் பெட்டிக்கு முப்பது, நாற்பது கேட்டார்கள். என்னிடம் சுட்ட வெற்றுக் கூடுகள் ஒரு வாளி நிறைய இருந்தன. பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் முன்பே வாங்கி வைத்திருந்தேன். குண்டு மட்டும்தான் வேண்டும். செம்புறை போட்ட குண்டு விலை ஏறிக் கிடந்ததால் வெறும் ஈயத்தில் வார்த்த குண்டு வாங்கலாம் என்று முடிவு செய்தேன். முடிவில் தவறு இல்லை. ஈயக்குண்டு சரியாக இருந்தால் இந்தத் துப்பாக்கிகள் அதைத் தாராளமாகச் சுடும்.

2,000 குண்டு ஆர்டர் செய்தேன். அனுப்பும் செலவோடு 190 டாலர். நான்கு பெட்டி, மொத்தம் 16 கிலோ எடை. பெட்டி மேலே விட்டம் 0.356 அங்குலம் என்று அச்சடித்திருந்தது. குண்டு ஒவ்வொன்றிலும் குழலில் வழுக்கிப் போக நீல நிற மெழுகு, பார்க்கப் பளிச்சென்று இருந்தன. ரீலோடிங் கையேட்டில் உள்ளபடி நானூறு தோட்டா தயாரித்து, மாநில இயற்கை வளத்துறையின் திறந்தவெளிச் சுடுதளத்துக்கு எடுத்துப்போனேன்.

பிஸ்டலில் முதல் இரண்டு மேகசின் நன்றாகத்தான் போயிற்று. ஐம்பது தாண்டியதும் குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின. அருகே போய்ப் பார்த்தால் வட்டமான துளைகளுக்கு நடுவே நீளத் துளைகள். குண்டு சுழலாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது என்று அர்த்தம். கார்பைன் அதைவிட மோசம். முன்பு 50 கெஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் அடித்த துப்பாக்கி, பாதிக் குண்டை அட்டைக்கு வெளியே அனுப்பியது. அங்கேயே நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தால், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதுபோல உள்ளே முழுக்க மூடியிருந்தது. குண்டைச் சுழல வைக்கும் வரிப்பள்ளமே தெரியவில்லை.

துப்பாக்கியைக் கையால் தொட்டதே இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் என்பவர்கள் நம்மில் அதிகம். அதனால் கவுன்டரில் நிற்பவர் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறோம். நானும் நம்பினேன். பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு இரண்டையும் எடுத்துப்போனேன். அந்த ஆள் குழலைப் பார்க்கவே இல்லை, பக்கவாட்டில் இருந்த பெயரைத்தான் பார்த்தார். "இந்த விலைத் துப்பாக்கியிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார். சுத்தம் செய்ய 45 டாலர் வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தபோது ஈயத்தில் முக்கால்வாசி உள்ளேயே இருந்தது. கேட்டதற்கு, ஒரு மேகசின் செம்புறைக் குண்டு சுடுங்கள், அதுவே ஈயத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்றார்.

தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். இந்த யோசனையைப் பல கடைகளில் கூசாமல் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஈயம் அடைத்துக் குறுகிய குழலுக்குள் கடினமான செம்புறைக் குண்டை வெடிமருந்தின் விசையில் திணிக்கிறீர்கள். அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. 9 எம்எம் தோட்டாவே 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரை போகும் தோட்டா. குழல் உப்பலாம், அதற்கு மேலும் ஆகலாம். உங்கள் முகம் அதற்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது. நான் செய்யாமல் தப்பித்தது, கையில் செம்புறைத் தோட்டா ஒன்றுகூட இல்லாததால்தான்.

குண்டு விற்ற கடைக்கு மின்னஞ்சல் எழுதினேன். முதல் பதில் மரியாதையாகத்தான் இருந்தது. குண்டைக் கூட்டுக்குள் இறுக்கமாகப் பொருத்தியிருப்பீர்கள், அதனால் குண்டு நசுங்கி விட்டம் குறைந்திருக்கும் என்றார்கள். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. 9 எம்எம் கூடு உள்ளே போகப் போகக் குறுகும், மென்மையான ஈயக்குண்டின் அடிப்பகுதியை அது நசுக்கவும் செய்யும். அதனால் என் தவறாக இருக்குமோ என்று இரண்டு வாரம் குண்டைக் கூட்டில் பொருத்தும் டையை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.

சுடுதளத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் வருவார். டூல் அண்ட் டை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பல வருடமாகச் சொந்தமாகக் குண்டு வார்க்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு, "குழலை அளந்தீர்களா? குண்டை அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இரண்டையும் நான் அளக்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்த எண்ணை நம்பினேன்.

அவருடைய கராஜில் அன்றைக்கு மதியமே அளந்தோம். முதல் வேலை குழலில் இருந்த ஈயத்தை எடுப்பது. பழைய பிரஷ்ஷில் கலப்பில்லாத செம்புக் கம்பிச் சுருளைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தார், ஈயம் செதில் செதிலாக உதிர்ந்தது. சுருளைக் காந்தத்தில் ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது, குழலைக் கீறிவிடும். அப்புறம் துப்பாக்கி காலியா என்று இருவருமே சரிபார்த்துவிட்டு, எண்ணெய் தடவிய மென்மையான ஈயத் துண்டு ஒன்றைக் குழலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தட்டித் தள்ளினார். வரிப்பள்ளத்தின் அச்சு அதில் பதிந்து வெளியே வந்தது. மைக்ரோமீட்டரில் வைத்தால் பிஸ்டல் 0.3555, கார்பைன் 0.356. இரண்டுமே எந்தக் கோணலும் இல்லாத நல்ல குழல்கள்.

பிறகு பிரிக்காத பெட்டியைத் திறந்து இருபது குண்டு எடுத்தோம். பெரியது 0.355. சிறியது 0.354. பல குண்டுகள் வட்டமாகவே இல்லை, திருப்பி வைத்து அளந்தால் வேறு எண் வந்தது. பெட்டியில் போட்டிருந்த 0.356 இருபதில் ஒன்றில்கூட இல்லை.

தலைமுடியின் தடிமன்கூட இல்லாத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஈயக்குண்டுக்கு அதுதான் எல்லாம். குழலின் பள்ள விட்டத்தைவிட குண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலமாவது, முடிந்தால் இரண்டு பங்கு, பெரிதாக இருக்க வேண்டும். அப்போதுதான் குழலை அடைத்துக்கொண்டு போகும். சிறிதாக இருந்தால் பின்னால் எரியும் வாயு குண்டின் ஓரமாகப் பீறிட்டு, ஈயத்தை அரித்துக் குழலில் அப்பிவிடும். என் இரண்டு குழலிலும் ஈயம் அதிகமாகப் படிந்திருந்தது தோட்டா அறைக்கு அருகே. மெழுகு போதாமல் ஈயம் பிடித்தால் பெரும்பாலும் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கம்தான் பிடிக்கும், பதினாறரை அங்குலக் கார்பைன் குழலில் அதையும் பார்க்கலாம். அறைப்பக்கம் பிடித்தால் குண்டின் விட்டத்தைச் சந்தேகப்படுங்கள் என்று அவர் காட்டிக் கொடுத்தார்.

"கடினக் கலவை" என்பதும் நமக்கு உதவியாக இல்லை. மென்மையான குண்டு சற்றுச் சிறியதாக இருந்தாலும் வெடிப்பின் அழுத்தத்தில் பருத்துக் குழலை ஓரளவு அடைக்கும். கடினமான குண்டு பருக்காது. கடினம் என்றால் தரம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வதை வைத்து விற்கிறார்கள். கடினமான கலவையும் கெட்டியான மெழுகும் தூரப் பயணத்தில் நசுங்காமல் வர உதவும், அது விற்கிறவருக்கு வசதி.

அளந்த எண்களையும் படங்களையும் கடைக்கு அனுப்பினேன். மாற்றுச் சரக்கு அனுப்புகிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. மூன்று வாரம் காத்திருந்தேன். நினைவூட்டினேன். அடுத்த வாரம் என்றார்கள். கடைசியாக வந்த பதில் இது: எங்கள் குண்டுகள் தரமான குழல்களுக்கானவை, மலிவுத் துப்பாக்கிகளில் சுடுவதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் அளவு தவறி வார்த்துவிட்டு என் துப்பாக்கியின் விலையைக் காட்டுகிறார்கள். மலிவாக இருப்பது ஸ்லைடின் கலவை, அதற்கும் குழலில் ஈயம் பிடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லப்போனால், பல மடங்கு விலையுள்ள கிளாக் நிறுவனமே உறையில்லாத ஈயக்குண்டைத் தன் குழலில் சுட வேண்டாம் என்றுதான் சொல்கிறது. துப்பாக்கியின் விலைக்கும் ஈயக்குண்டுக்கும் நேரான உறவு கிடையாது. கையில் மைக்ரோமீட்டர் எண் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டிருப்பேன், துப்பாக்கிகளை விற்றும் இருப்பேன். கவுன்டர்க்காரரும் அதைத்தான் சொன்னார். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். குறைந்த பணத்தில் வாங்கியவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பணம் திரும்பி வரவில்லை. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள் சொன்னபடி இல்லை என்றால், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மென்டிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர்கள் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்ததில் அந்தக் கெடு தாண்டிவிட்டது, கார்டு நிறுவனமும் கையை விரித்துவிட்டது. கடையோடு எவ்வளவு நட்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் முதல் வாரமே கார்டு நிறுவனத்துக்கும் எழுதிவிடுங்கள். 16 கிலோ ஈயத்தைத் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு இன்னொன்று. உதிர்ந்த ஈயத் தூள் கையில், சட்டையில், கராஜ் தரையில் எல்லாம் இருக்கும். குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021இல் வரம்பைக் குறைத்தது. கையுறை போடுங்கள், தரையை ஈரத் துணியால் துடையுங்கள், உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து குழலில் ஊற்றினால் ஈயம் கரையும் என்று சிலர் சொல்வார்கள். கரையும்தான். கரைந்து வருவது ஈய அசிடேட் என்ற நஞ்சு, குழலின் எஃகும் அரிக்கப்படும். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்த யோசனையைக் கேட்டதுமே விட்டுவிட்டேன்.

மீதியிருந்த 1,600 குண்டையும் அந்தப் பெரியவர் எடுத்துக்கொண்டுபோய், வீட்டுக்கு வெளியே திறந்தவெளியில் உருக்கி, மறுபடி வார்த்து, 0.357க்கு அளவாக்கிக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார், பிரைமர் ஒரு பெட்டி கொடுத்தேன். அந்தக் குண்டில் நூறு கார்பைனில் சுட்டுவிட்டுக் குழலைப் பார்த்தேன். துணியை ஒரு தடவை விட்டு எடுத்ததும் வரிப்பள்ளம் பளபளவென்று தெரிந்தது. 50 கெஜத்தில் மறுபடி உள்ளங்கைக்குள் அடித்தது.

மதுரைத் தம்பி ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை மைக்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன். முதலில் அவருடைய கார்பைன் குழலை அளக்க வேண்டும்.