டீக்கடை பெஞ்சுக்கு மூன்று நட்சத்திரம்: வேட்பாளர் தேடி வரும் டெல்டா இடங்கள்

வேட்பாளர் டீ ஆற்றும் படம் இல்லாமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஒரு தேர்தலும் முடிவதில்லை. அவர் டம்ளரை உயரத் தூக்கி ஆற்றுவார். டீ மாஸ்டர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். போட்டோ எடுத்தாயிற்று என்றதும் வண்டி கிளம்பிவிடும். உழைக்கிற ஆளைப் பார்த்துப் பேசும் இடமாக டீக்கடை எவ்வளவு தேறும்? ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம். அதுவும் சரியான கடையாக, சரியான நேரமாக இருந்தால்.

முதலில் நேரம். கூலிவேலைக்குப் போகிறவர்கள் கடையில் நிற்பது விடியற்காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில். 9 மணிக்கு வரும் வேட்பாளர் கண்ணில் படுவது பேப்பர் படிக்கும் பெரியவர்களும், வயலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்த நிலக்காரர்களும், அவருடைய கட்சிக்காரர்களும்தான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதால், அந்த விடிகாலை ஒரு மணி நேரத்துக்கு மைக் கிடையாது. மைக் செட்காரர் முணுமுணுப்பார், விட்டுவிடுங்கள். மைக் வாயை மூடினால்தான் எதிரில் நிற்பவர் வாய் திறப்பார்.

அடுத்து கடை. பஸ் நிறுத்தத்துக் கடை படத்துக்கு எடுப்பாக இருக்கும், பேச்சுக்கு உதவாது. பஸ் வந்தால் பாதிப் பேர் ஏறிவிடுவார்கள். காலனித் தெரு ரோட்டில் சேரும் முனையில், கீற்றுக் கொட்டகையில் ஒரு பாய்லரோடு நடக்கும் சின்னக் கடைதான் சரியான தேர்வு. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்த மண் இது. 1968இல் கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதும் இந்த மண்ணில்தான். இன்றைக்கும் யார் பெஞ்சில் உட்காருகிறார்கள், யார் டம்ளரை வாங்கிக்கொண்டு மதகுக் கட்டைக்குப் போய்விடுகிறார்கள் என்று ஐந்து நிமிடம் கவனித்தால் அந்த ஊரின் சாதிக் கணக்கு தெரிந்துவிடும். வேட்பாளர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டால் மதகில் இருப்பவர் எழுந்து வரமாட்டார். இவர்தான் டம்ளரோடு மதகுக்கு நடக்க வேண்டும். இதைச் செய்கிற வேட்பாளர்கள் குறைவு, பாவம், செருப்பில் சேறு படுமாம்.

கூட வரும் ஆட்கள் நாலு பேரைத் தாண்டக் கூடாது: தெரு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவர், குறிப்பு எழுத ஒருவர், டிரைவர், ஒரு கிளைச் செயலாளர். முப்பது கரை வேட்டிகள் வந்து இறங்கினால் பெஞ்ச் முழுக்க அவர்களே உட்கார்ந்துவிடுவார்கள், டீ குடிக்க வந்தவர் குடிக்காமலே வேலைக்குப் போவார். அன்றைய வியாபாரம் கடைக்காரருக்கு நட்டம். கீற்றுக் கொட்டகைக்கு முன்னால் சரவெடி வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்வது, பங்குனி வெயிலில் காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும்.

காசு விஷயத்தில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். “எல்லாருக்கும் ஒரு டீ போடுங்க அண்ணே” என்பது பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் ஓட்டுக்காக வாக்காளருக்குச் சாப்பிட, குடிக்க வாங்கிக் கொடுப்பது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் அபராதத்துக்குரிய குற்றம். கட்சிக்காரர்கள் குடித்த டீயும் செலவுக் கணக்கில் ஏற வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிடும் விலைப்பட்டியலில் டீக்கும் ஒரு விலை இருக்கும்; கணக்கு அந்த விலையில்தான் பார்க்கப்படும். சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம், நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 லட்சம். பிரசாரச் செலவுக்காக ஒரே ஆளுக்கு ரொக்கமாகக் கொடுப்பது தேர்தல் முழுக்கச் சேர்த்து 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் செக் அல்லது வங்கிப் பரிமாற்றம். தன் டீக்குத் தானே சில்லறை கொடுத்துவிட்டு எழுவதே நல்லது. ‘அப்புறம் வாங்கிக்குங்க’ என்று நோட்டில் எழுதிவிட்டுப் போகும் கட்சிக் கடன் தேர்தல் முடிந்தால் வசூலாகாது என்பது எந்த டீக்கடைக்காரருக்கும் தெரியும்.

கேள்விகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மனைப்பட்டா, இடிந்த தொகுப்பு வீடு, சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலைச் சம்பளப் பாக்கி, நின்றுபோன டவுன் பஸ், கடைமடைக்கு வராத தண்ணீர். “பார்த்துக்கலாம்” என்ற பதிலுக்கு மரியாதை இல்லை. எந்தத் தெரு, எந்தப் புல எண், மனு எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் கொடுத்தது என்று மூன்றையும் எதிரிலேயே எழுத வேண்டும். வாய்க்கால் என்றால் அது பொதுப்பணித் துறை வழியில் வந்த நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று கேளுங்கள். அது தெரியாமல் கொடுக்கும் வாக்குறுதி மடையிலேயே நின்றுவிடும்.

டீக்கடையைவிட நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒரு படி மேல். நாலரை கொடுக்கலாம். அங்கே யாரும் அவசரமாகப் போவதில்லை, போகவும் முடியாது. நெல்லைக் கொட்டிவிட்டு விவசாயி காவல் இருப்பார், சுமைதூக்கும் தொழிலாளர்கள் லாரிக்குக் காத்திருப்பார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லைத் திரும்பக் காயப்போட வேண்டும். மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழும். சாக்கு இருக்கிறதா, தார்ப்பாய் இருக்கிறதா, எடுத்த மூட்டைகளை ஏற்ற லாரி வந்ததா என்று கேட்டாலே பேச்சு ஓடும். 40 கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறவரிடம் தூக்குகூலி பற்றித் தனியாகக் கேளுங்கள், நிலையப் பணியாளர் காதில் விழாத தூரத்தில். அரை மதிப்பெண் குறைந்தது ஏனென்றால், சம்பா அறுவடைக் கூட்டம் தை, மாசியோடு கரைந்துவிடும். சித்திரையில் ஓட்டுப்பதிவு என்றால் பல நிலையங்கள் காலியாகக் கிடக்கும். வேட்புமனுவுக்கு முன்பே போகிறவருக்குத்தான் இது பயன்படும்.

மீன் இறங்குதளத்தில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது குறுக்கே போய்க் கைகூப்பினால் திட்டு நிச்சயம். கூடைக்காரப் பெண்களுக்கு அந்த இருபது நிமிடத்தில்தான் அன்றைய பிழைப்பு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாகப்பட்டினம், அக்கரைப்பேட்டைப் பக்கம் ஆட்கள் கரையிலேயே வலை சீர்செய்துகொண்டிருப்பார்கள். ஊர் நாட்டார்களை, அதாவது மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரை, பார்த்துச் சொல்லிவிட்டு, முற்பகலில் வலைக்கூடத்துக்குப் போனால் தரையில் உட்கார்ந்து பேசலாம். தடைக்கால நிவாரணத் தொகை எத்தனை என்று தெரியாமல் மட்டும் போகாதீர்கள்.

சலூன், ஆட்டோ ஸ்டாண்ட் இரண்டும் கைகுலுக்க மட்டும்.

கடைசியாக வயல். பம்புசெட் உள்ள மயிலாடுதுறை, கும்பகோணம் பகுதிகளில் முன்பட்டக் குறுவை நெல்லுக்குச் சித்திரையிலேயே நடவு தொடங்கிவிடும். ஒப்பந்தத்துக்கு நடும் பெண்களை நடுவில் நிறுத்தினால் அவர்களுக்குத்தான் கூலி நட்டம். கஞ்சி குடிக்கக் கரையேறும்போது பத்து நிமிடம் கிடைக்கும், அதுவரை வரப்பில் நிற்கலாம். கேமராவுக்காகச் சேற்றில் இறங்கி நாற்றைப் பிடித்து ஊன்றும் வேட்பாளர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு. பெரும்பாலும் விரல் முழுக்க உள்ளே போகிற ஆழத்தில் ஊன்றுவார்கள், அப்படி நட்டது தூர் கட்டாது. வண்டி மெயின் ரோடு ஏறியதும் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே அந்த நாலு குத்தையும் பிடுங்கி மறுபடி நடுவார்.