எண் கோட்பாடா, கோட்டுருவியலா?

கணிதத்தை முதன்மைப் பாடமாகப் படிப்பவருக்கு மூன்றாம் ஆண்டில் ஒரு விருப்பப்பாடத்துக்கு இடம் கிடைத்தால், முழு எண்களின் பண்புகளை ஆராயும் எண் கோட்பாடு, புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கோட்டுருவியல் இரண்டில் எது என்ற கேள்வி பலருக்கு வரும். இரண்டுக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை குறைவு என்பதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வகை என்று நினைத்து, தேர்வு நாள் வசதியைப் பார்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். அடுத்தடுத்த பருவங்களில் இரண்டையும் படித்த எனக்கு அவை ஒரே வகையாகத் தோன்றவில்லை.

எண் கோட்பாட்டின் இயல்பை அறியப் பணப்பையிலுள்ள சிங்கப்பூர் அடையாள அட்டையே போதும். அதன் எண்ணிலுள்ள ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டி, தொகையை 11ஆல் வகுத்து, கிடைக்கும் மீதிக்கு ஏற்பவே கடைசி எழுத்து அமைகிறது. (2000 முதல் பிறந்தவர்களுக்குத் தொகையோடு 4 சேர்ப்பார்கள்.) 10ஆல் வகுத்திருந்தால், முதல் இலக்கம் 3 என்பதை 8 என்று தவறாக எழுதினாலும் தொகை சரியாகப் பத்துதான் கூடும், மீதி மாறாது, பிழையும் வெளிப்படாது. 11 பகா எண். பெருக்கும் எண்ணும் இலக்க வேறுபாடும் அதைவிடச் சிறியவை என்பதால் அவற்றின் பெருக்கம் 11ஆல் ஒருபோதும் மீதியின்றி வகுபடாது. ஆகவே ஓர் இலக்கம் தவறினால் பிழை கட்டாயம் அகப்படும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் அகப்படும். இந்த ஒரே கருத்துதான் வாரந்தோறும் வளர்ந்து, ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (பகா எண்ணால் வகுக்கும்போது அடுக்குகள் தரும் மீதியைப் பற்றியது) வழியாக, 1977இல் உருவான, செய்திகளை இரகசியமாக அனுப்ப உதவும் ஆர்எஸ்ஏ மறையாக்கம் வரைக்கும் செல்கிறது. படிக்கட்டு போன்ற பாடம் என்பதால், நான்காம் வாரத்தைத் தவறவிட்டவருக்கு எட்டாம் வாரம் புரியாது.

கோட்டுருவியலுக்குச் சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். டோபி காட் நிலையத்திலிருந்து சாமர்செட், நகர மண்டபம், கிளார்க் கீ, லிட்டில் இந்தியா, பிராஸ் பாசா என ஐந்து பக்கத்து நிலையங்களுக்குத் தடங்கள் பிரிகின்றன. ஐந்து ஒற்றைப்படை எண். பாசிர் ரிஸ்ஸிலும் துவாஸ் லிங்க்கிலும் ஒரே ஒரு தடம்தான். ஒரு நிலையத்தைக் கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடங்கள் செலவாவதால், ஒற்றைப்படை நிலையங்கள் பயணத்தின் தொடக்கமாகவோ முடிவாகவோ மட்டுமே இருக்க முடியும். இங்கே குறைந்தது மூன்று இருப்பதால் எல்லாத் தடங்களையும் சரியாக ஒரு முறை மட்டும் கடக்கும் பயணம் சாத்தியமில்லை. 1736இல் கணிதவியலாளர் ஆய்லர், கோனிக்ஸ்பர்க் நகரின் பாலங்களையும் அப்படிக் கடக்க முடியாது என்று சொன்ன வாதமும் இதுதான். அங்கேயும் நடுத்தீவுக்கு ஐந்து பாலங்கள்.

இவ்வளவு எளிதா என்று மயங்கியவர்களில் நானும் ஒருவன். கோட்டுருவியலில் ஒவ்வொரு கணக்கும் புதிய தந்திரம் கேட்கும். சென்ற வாரத்துத் தந்திரம் இந்த வாரம் உதவுவது அரிது. தொகுத்தறிதல் முறையில் (சிறியதற்கு உண்மை என்றால் அடுத்ததற்கும் உண்மை எனக் காட்டும் முறை) நிரூபிக்கும்போது, சிறிய கோட்டுரு ஒன்றை எடுத்து அதனோடு ஒரு முனையை, அதாவது ஒரு புள்ளியை, சேர்த்தேன். அப்படிச் சேர்ப்பதால் பெரிய கோட்டுருக்கள் எல்லாம் கிடைத்துவிடும் என்பதை நான் நிறுவவில்லை. ஏதேனும் ஒரு பெரிய கோட்டுருவை எடுத்து, அதிலிருந்து ஒரு முனையை நீக்கியிருக்க வேண்டும். இடைப்பருவத் தேர்வில் அந்தக் கேள்விக்குப் பூஜ்ஜியம். பக்கம் நிறைய எழுதியிருந்தேன்.

தற்செயலாக மாறுபவற்றை ஆராயும் தற்போக்குச் செயல்முறைகள் என்ற பாடத்தையும் சிலர் பரிந்துரைப்பார்கள். வங்கி, காப்புறுதித் துறை வேலையில் கண் வைத்திருப்பவருக்கு அது பொருந்தும், ஆனால் நிகழ்தகவுப் பாடத்தில் நல்ல அடித்தளம் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

தொடக்கக் கல்லூரிக் கணிதம் இன்னும் கைவசம் இருப்பவர், அடுத்த பருவத்தில் நுண்ணியற்கணிதம் (கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் பொது விதிகளை ஆராயும் பாடம்) படிக்கப்போகிறவர் எண் கோட்பாட்டையே எடுக்கலாம். நுண்ணியற்கணிதத்தில் வரும் குலம், வளையம் என்ற அமைப்புகளுக்கு உயிருள்ள எடுத்துக்காட்டுகள் முன்கூட்டியே கிடைத்துவிடும். கணினியியலையும் சேர்த்துப் படிப்பவருக்கும், தேசிய சேவை முடித்துப் பழைய சூத்திரங்களில் பாதியை மறந்து வந்தவருக்கும் கோட்டுருவியல் ஏற்றது, ஏனெனில் அங்கே நினைவாற்றலுக்கு வேலை குறைவு. முடிவெடுக்கும் முன் மூத்தவர்களிடம் இரண்டு பாடங்களின் பழைய பயிற்சித் தாள்களையும் வாங்கி, ஆறாம் வாரக் கேள்வி ஒவ்வொன்றோடும், விடையைப் பார்க்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.