மூன்று ஜோசோன் காதல் காமெடிகள்: எதை முதலில் பார்ப்பது?

கொரிய வரலாற்றுத் தொடர் என்றாலே விஷக் கிண்ணம், அரண்மனைச் சதி, முற்றத்தில் மண்டியிட்டுக் கதறும் அமைச்சர்கள் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. அவர்களை உள்ளே இழுத்துப்போடுவது காதலும் நகைச்சுவையும் கலந்த தொடர்கள்தான். இந்த வகையில், கொரியாவைப் பல நூற்றாண்டு ஆண்ட ஜோசோன் வம்சத்தின் காலத்தில் நடப்பதாக வந்து, பெரிதாகப் பேசப்பட்ட மூன்றை எடுத்துக்கொள்வோம். 2016-ல் கொரியாவின் கேபிஎஸ்-2 சேனலில் வந்த ‘லவ் இன் தி மூன்லைட்’ 18 பகுதிகள். 2018-ல் டிவிஎன் சேனலில் வந்த ‘100 டேஸ் மை பிரின்ஸ்’ 16. அதே டிவிஎன்னில் 2020 டிசம்பரில் தொடங்கி அடுத்த பிப்ரவரியில் முடிந்த ‘மிஸ்டர் குயின்’ 20.

மூன்றிலும் அரச குடும்பத்து ஆண் ஒருவன், அவன் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு அதிகாரக் குடும்பம், நடுவில் ஒரு ஆள்மாறாட்டம். ஆனால் சிரிப்பு பிறக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வேறு.

‘100 டேஸ்’ கதையில் நாட்டில் மழை இல்லை. யின்-யாங் (பெண்-ஆண் ஆற்றல்) சமநிலை கெட்டுவிட்டது என்று அரசவையில் பேச்சு எழ, கல்யாணமாகாதவர்கள் எல்லோருக்கும் உடனே கல்யாணம் செய்துவைக்கச் சொல்கிறார் பட்டத்து இளவரசர் லீ யூல் (டோ கியுங்-சூ). அப்புறம் கொலை முயற்சியில் தப்பி, நினைவிழந்து ஒரு கிராமத்தில் வந்து விழுகிறார். தான் போட்ட உத்தரவாலேயே ஹோங்-ஷிம் (நாம் ஜி-ஹியுன்) என்ற ஏழைப் பெண்ணுக்குப் புருஷனாகிறார். ஒரு வேலையும் தெரியாது, மிடுக்கு மட்டும் குறையவில்லை. வட்டிக்காரரிடம் கடன் வாங்கி வீட்டுச் சாமான் வாங்குவார். கடனை அடைக்க வேண்டியது பெண்டாட்டி. ஒன்றுக்கும் உதவாத ஆம்பளை என்று ஊரே பட்டம் கட்டுகிறது. முகத்தில் ஒரு தசையும் அசையாமல், தனக்கு மட்டும்தான் சங்கடமாக இருக்கிறதா என்று அவர் கேட்கும் இடமெல்லாம் வெடிச்சிரிப்பு.

அரசர் கற்பனை என்றாலும் கல்யாண உத்தரவு முழுக் கற்பனை இல்லை. வறுமையால் கல்யாணம் தள்ளிப்போனவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று ஜோசோன் சட்டத்திலேயே இருந்தது. 1791-ல் அரசர் ஜோங்ஜோ, தலைநகரில் அப்படி இருந்தவர்களைத் தேடிப்பிடித்து மணம் முடித்துவைக்க உத்தரவிட்டார்.

‘மூன்லைட்’ இதைவிட மென்மை. காதல் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கும் பெண் ஹோங் ரா-ஓன் (கிம் யூ-ஜங்), ஆண் வேடத்திலேயே அரண்மனையில் ஆண்மை நீக்கப்பட்ட பணியாளர் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறாள். இளவரசராக பார்க் போ-கம். முதல் ஆறேழு பகுதிகள் துள்ளல்தான். நிலவொளி, பட்டு உடை, முகத்திரையுடன் அவள் ஆடும் நடனம் என்று கண்ணுக்கு விருந்து. அந்த நடனத்துக்குப் பின்னால் வரலாறும் கொஞ்சம் இருக்கிறது. இளவரசர் பாத்திரத்தின் மூலமான ஹியோம்யோங் நிஜத்திலேயே அரண்மனை நடனங்களை வளர்த்தவர். 1827 முதல் தந்தைக்குப் பதிலாக ஆட்சியைப் பார்த்து, 1830-ல் இருபதை ஒட்டிய வயதில் இறந்துபோனார். தெரிந்துகொண்டு பார்த்தால் போ-கம்மின் குறும்புச் சிரிப்பே சங்கடப்படுத்தும். தெரியாமல் பார்ப்பதே உத்தமம் என்பேன், இப்போது சொல்லிவிட்டேனே!

‘மிஸ்டர் குயின்’ வேறு ரகம். நம் காலத்து அதிபர் மாளிகைச் சமையல்காரன், பெண்பித்து பிடித்தவன், நீரில் விழுந்து அரசி கிம் சோ-யோங்கின் உடம்புக்குள் கண்விழிக்கிறான். திரும்பிப் போக இன்னொரு தடவை ஏரியில் குதிக்கலாம் என்றால் ஏரி வற்றிக் கிடக்கிறது. அரசியாக வரும் ஷின் ஹே-சன் கால் அகட்டி நடப்பதும், அரசர் கிட்டே வந்தால் “நோ டச்” என்று அலறுவதும், கிழவி மகாராணியின் நாக்கைச் சமையலால் கட்டிப்போடுவதும்தான் தொடர். மற்ற இரண்டில் நகைச்சுவை சூழ்நிலையில் இருக்கிறது. இதில் ஒரு நடிகையின் உடம்பிலேயே இருக்கிறது. அரசர் சோல்ஜோங்காக கிம் ஜங்-ஹியுன் அதற்கு ஈடு கொடுக்கிறார். நிஜ சோல்ஜோங், கங்ஹ்வா தீவில் எளிய வாழ்க்கை வாழ்ந்தவரை 1849-ல் கூட்டிவந்து அரியணையில் உட்கார வைத்த பொம்மை அரசர் என்றே பேசப்படுகிறவர். தொடரோ அவருக்கு ரகசியத் திட்டங்களைக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றுகிறது.

இந்தத் துடுக்குக்கு விலையும் இருந்தது. யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஜோசோன் அரசக் குறிப்புகளை மலிவான வதந்தித் தாள் என்று கிண்டலடித்த வசனம் கொரியாவில் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. தொடரில் வரும் இன்னொரு மகாராணியான ஜோவைக் காட்டிய விதத்தை அவர் குலத்தாரும் கண்டித்தார்கள். தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டு, தொடரில் குலப் பெயர்களையே மாற்றியது. வேடிக்கை என்னவென்றால், அந்த மகாராணி ஜோ வரலாற்றில் ஹியோம்யோங்கின் மனைவி. சமையலுக்கு மயங்கும் கிழவி மகாராணி ஹியோம்யோங்கின் தாய். ‘மூன்லைட்’டில் இளவரசரைக் கட்டிக்கொள்ள ஏங்கும் ஜோ வீட்டுப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்பட்டவர்கள், ‘மிஸ்டர் குயின்’னில் சதி செய்யும் மகாராணியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கலாம். வரலாற்றில் இருவரும் ஒருவர்தான்.

சரி, இவற்றை எடைபோட நான் பார்ப்பது கடைசி மூன்றில் ஒரு பங்கு. அரசியல் உள்ளே வந்ததும் காதல் காமெடி செத்துப்போவது இந்த வகையின் பரம்பரை நோய். ‘மூன்லைட்’டுக்கு அது முற்றிய நிலை. ரா-ஓன் யார் என்று தெரிந்த பிறகு பெருமூச்சும் கண்ணீரும்தான் மிச்சம், பார்க் போ-கம் முகத்தை நம்பி ஓட்டியிருக்கிறார்கள். ‘100 டேஸ்’ இளவரசரை அரண்மனைக்கு அனுப்பியதும் தளர்கிறது. கிராமத்து ஆட்கள் இல்லாத காட்சிகளில் உப்பே இல்லை. நல்லவேளை, முடிவில் சமாளித்துக்கொள்கிறது. ‘மிஸ்டர் குயின்’ மட்டும்தான் கத்தி கழுத்துக்கு வந்த பிறகும் சிரிக்க வைக்கிறது. ஆனால் அதன் முடிவு எனக்கு உடன்பாடில்லை. இருபது பகுதியாக அரசர் காதலித்தது அந்தப் பெண்ணையா, அவளுக்குள் இருந்த சமையல்காரனையா என்ற கேள்வியைத் தைரியமாகக் கிளப்பிவிட்டு, பதில் சொல்லும் நேரத்தில் பாதுகாப்பான பக்கம் ஒதுங்கிவிடுகிறது.

வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க ‘100 டேஸ்’. ‘மிஸ்டர் குயின்’னில் படுக்கையறைக் கிண்டல்கள் தாராளம், அதைத் தனியாகவோ நண்பர்களோடோ வைத்துக்கொள்ளுங்கள். ‘மூன்லைட்’டைப் பாதிவரை பார்த்து நிறுத்தினாலும் பெரிய நஷ்டமில்லை, பார்க் போ-கம் ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.