மாதம் 36,240 ரூபாய் கட்டி, கடைப் பெயரையே பறிகொடுத்தோம்: மும்பையில் கடை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும்

2024 ஜூன் முதல் வாரம். புனேயிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை எங்களிடம் கான்பரன்ஸ் பை வாங்குகிற ஒருவர், அப்பாவின் பழைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தார். கடையை மூடிவிட்டீர்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடி, அங்கே இருந்த நம்பருக்கு அழைத்திருக்கிறார். எடுத்த ஆள், "அந்தக் கடை இப்போது இல்லை, உங்களுக்கு என்ன பை வேண்டும், சொல்லுங்கள்" என்றானாம். உடனே என் போனில் பார்த்தேன். கடைப் பெயர் சரி, முகவரி சரி, வாசல் படம்கூட நான் எடுத்ததுதான். நம்பர் மட்டும் எங்களுடையது இல்லை.

அதற்குச் சரியாக ஐந்து நாள் முன்னால்தான், எங்களுக்கு டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்துகொண்டிருந்த அந்தேரி கம்பெனியிடம் இனிமேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

நாங்கள் தாராவியில் தோல் பை செய்கிறவர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலை கற்று, பிறகு சொந்தமாகக் கடை போட்டவர். தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு பல வருடமாக நடக்கிறது. கடை எங்கே போகும், எப்போது போகும் என்று எங்கள் சந்தில் யாருக்கும் தெரியாது. இடம் மாறினாலும் வாடிக்கையாளர் தேடி வரவேண்டும், அதற்கு இணையத்தில் பெயர் நிற்க வேண்டும் என்று நினைத்தோம். ஆசைப்பட்டுச் செலவு செய்யவில்லை, பயந்துதான் செய்தோம். எங்களைப் போலப் பயந்து நிற்கிற கடைக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2023 செப்டம்பரில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தான். தமிழ்ப் பையன். அப்பாவிடம் சொந்த ஊர் கேட்டான், தனக்குக் கோவில்பட்டி என்றான், டீ குடித்தான். "மூணே மாசத்துல கூகுள்ல முதல் இடம், கேரண்டி மாமா" என்றான். மும்பையில் நம் பேச்சைக் கேட்டாலே மனசு இளகிவிடுகிறது. அப்பா அன்றைக்கே சரி என்றுவிட்டார். அந்தப் பையன்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. இரண்டாம் மாதமே அவன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். ஆனால் அந்த "கேரண்டி" என்ற சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். கூகுளில் முதல் இடத்தை யாராலும் உறுதி சொல்ல முடியாது என்று கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எஸ்இஓ ஆளை, அதாவது கூகுள் தேடலில் வெப்சைட்டை மேலே கொண்டுவருகிறேன் என்கிறவரை, வேலைக்கு வைப்பதற்கு முன் படிக்க வேண்டிய பக்கம் அது. நான் படித்தது எல்லாம் முடிந்த பிறகு.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வெப்சைட் போட 35,000. கம்பெனிக்கு மாதக் கட்டணம் 18,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 21,240. விளம்பரத்துக்கு என்று தனியாக மாதம் 15,000. ஆக மாதம் 36,240. ஒன்பது மாதம் கட்டினோம். மொத்தம் 3,61,160 ரூபாய்.

மாதாமாதம் 28 பக்கத்தில் ஒரு பிடிஎஃப் வரும். அதில் நாற்பது கீவேர்டு, அதாவது கூகுளில் தேடும் சொற்கள், எல்லாவற்றுக்கும் நேராக எத்தனையாவது இடம் என்று 1, 1, 2, 1 என இருக்கும். நானும் அப்பாவிடம் காட்டிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் கடைக்கு வரும் போன் கூடவில்லை. தீபாவளி போனது, மார்ச் போனது. கேட்டால், "எஸ்இஓவுக்கு நேரம் ஆகும் சார், பொறுமை வேண்டும்" என்பார்கள். எஸ்இஓவுக்கு நேரம் ஆகும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் ஏமாற்றவும் செய்கிறார்கள்.

ஏப்ரலில் என் சித்தி மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு துணிக் கம்பெனிக்கு ஆன்லைன் விளம்பரம் பார்க்கிறவள். அந்த பிடிஎஃப்பைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, "அண்ணா, சர்ச் கன்சோல் யார் மெயில்ல இருக்கு?" என்று கேட்டாள். எனக்கு அந்தப் பெயரே தெரியாது.

கூகுள் சர்ச் கன்சோல் ஒரு இலவசக் கருவி. நம் வெப்சைட் எந்தெந்தச் சொல்லுக்குக் கூகுளில் தெரிந்தது, எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் தொட்டு உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று கூகுளே காட்டும். பதினாறு மாதம் வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். எங்கள் கம்பெனியிடம் அதற்கு அனுமதி கேட்டேன். கம்பெனி பாலிசி, தர முடியாது என்றார்கள். படிக்கும் உரிமை மட்டும் கொடுத்து ஆளைச் சேர்க்க அதில் வழி இருக்கிறது. என் தங்கை அதைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

அவள் விடவில்லை. அந்த நாற்பது சொற்களையும் கூகுளின் கீவேர்டு பிளானரில் போட்டாள். கூகுள் விளம்பரக் கணக்கு ஒன்று திறந்தால், விளம்பரம் ஓட்டாமலே மாதத்துக்குச் சுமார் எத்தனை பேர் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள் என்று அது காட்டும். எங்கள் பட்டியலில் முக்கால்வாசிக்கு அந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. கடைப் பெயர், நிறம், தோல் வகை, தாராவி, சயான் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஏழெட்டு வார்த்தை நீளச் சொற்றொடர்கள். யாரும் தேடாத சொல்லுக்கு முதல் இடம் பிடிக்க எவரோடும் போட்டி போட வேண்டியதில்லையே. என் போனில் தேடியபோதெல்லாம் எங்கள் கடை மேலே வந்ததற்கும் காரணம் சொன்னாள். நான் கடைக்குள் உட்கார்ந்து தேடியிருக்கிறேன். தேடுகிறவர் நிற்கும் இடத்துக்குத் தகுந்தபடி முடிவுகள் மாறும். தாணேயில் இருக்கிறவருக்கு அதே பட்டியல் வராது.

அறிக்கையில் இன்னொரு பக்கம், "டொமைன் அத்தாரிட்டி 8லிருந்து 21 ஆகிவிட்டது" என்று பச்சை அம்புக்குறி போட்டிருந்தார்கள். அது மோஸ் என்கிற தனியார் நிறுவனம் தன் கணிப்பில் போடுகிற மதிப்பெண். கூகுள் அதைப் பயன்படுத்துவதில்லை. அந்த எண்ணை ஏற்ற அவர்கள் செய்தது, சூதாட்டத் தளங்களிலும் செத்துப்போன தளங்களிலும் எங்கள் வெப்சைட் முகவரியை இணைத்தது. காசு கொடுத்து இணைப்பு வாங்குவது கூகுள் விதிகளுக்கு எதிரானது. இப்படிப்பட்டவர்களைக் கீழே தள்ளத்தான் 2012ல் பெங்குவின் என்ற மாற்றத்தையே கொண்டுவந்தார்கள்.

இன்ஸ்டாகிராமில் 400 பேர் இருந்தோம், இரண்டு மாதத்தில் 11,000 ஆனோம். கணக்கைத் தொழில் கணக்காக மாற்றியிருந்தால், பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர் என்று இன்சைட்ஸ் பகுதியில் தெரியும். எங்கள் பட்டியலில் முதல் ஐந்து ஊரில் மும்பையே இல்லை, ஐந்தும் வெளிநாடு. தாராவியில் பை வாங்க அங்கிருந்து யார் வருவார்கள்?

விளம்பரக் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "இப்போது இன்ஸ்டாகிராமில் ஆறு விளம்பரம் ஓடுகிறது" என்று ஏப்ரல் 20ஆம் தேதி மெசேஜ் அனுப்பினார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டாவின் ஆட் லைப்ரரியில் எந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டாலும் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களைப் பார்க்கலாம், லாகின்கூட வேண்டாம். அன்றைக்கே பார்த்தோம். எங்கள் பக்கத்தின் பெயரில் ஒன்றும் ஓடவில்லை. கூகுள் விளம்பரத்துக்கும் ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் என்று ஒன்றை 2023ல் கொண்டுவந்தார்கள். அதிலும் தேடினோம், எங்கள் தளத்துக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டதற்கு எக்செல் ஷீட் அனுப்பினார்கள். எக்செல்லில் எதை வேண்டுமானாலும் டைப் செய்யலாம். கூகுள் ஆட்ஸ் கணக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்க எண் உண்டு, எவ்வளவு செலவானது என்று கூகுளே பில் காட்டும். அந்த எண்ணைக் கேட்டேன், கடைசிவரை தரவில்லை. மாதம் 15,000 எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முறையாக வேலை செய்கிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று தங்கை விளக்கினாள். கணக்கை நம் மெயிலில் நாம் திறக்க வேண்டும், நம் கார்டைப் போட வேண்டும். அவர்கள் தங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து நம்மிடம் அனுமதி கேட்டு இணைந்துகொள்வார்கள். வேண்டாம் என்றால் இணைப்பைத் துண்டித்துவிடலாம், பழைய விவரமெல்லாம் நம்மிடமே இருக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமுக்கும் மெட்டா பிசினஸ் சூட்டில் இதே மாதிரி பார்ட்னர் அனுமதி உண்டு. பாஸ்வேர்டு கேட்கிறவர்களை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மே மாதம் பில்களையெல்லாம் மொத்தமாக மாட்டுங்காவில் உள்ள எங்கள் ஆடிட்டரிடம் கொடுத்தேன். அவர் அடுத்த நாளே கூப்பிட்டார். அந்த ஜிஎஸ்டி எண் 24 என்று தொடங்கியது. மகாராஷ்டிராவுக்கு 27தான். 24 குஜராத். அது மட்டும் குற்றம் இல்லை, ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்தாகியிருந்தது. நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் 2பி அறிக்கையிலும் ஒரு பில் ஏறவில்லை. அதாவது வரி என்று வாங்கிய 29,160 ரூபாயும் அரசாங்கத்துக்குப் போகவில்லை, எங்கள் வரியில் கழித்துக்கொள்ளக் கிரெடிட்டும் இல்லை. பதினைந்து எழுத்தை ஒரு பெட்டியில் டைப் செய்து பார்க்கும் வேலை இது. முதல் பில்லிலேயே செய்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே கம்பெனியிடம் பேசி நிறுத்தச் சொன்னேன். ஐந்து நாளில் நம்பர் மாறியது. வெப்சைட் திறக்கவில்லை. டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர், யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்று ஹூயிஸ் தேடலில் பார்த்தால், அவர்கள் பெயரில் இருந்தது. 50,000 கொடுத்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அந்த வெப்சைட் முகவரியை அச்சடித்த 500 அட்டைப்பெட்டி மேல்மாடியில் அடுக்கியிருந்தது. அப்பா ஒரு பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே, "ஏல, கடைச் சாவிய அவங்கிட்ட குடுத்துட்டு, இப்ப வெளிய நின்னு கதவத் தட்டுதியா?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பணம் கொடுக்கவில்லை. புது டொமைனை என் மெயிலில், என் பெயரில் வாங்கினேன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகிறது. இன்ஸ்டாகிராம் கணக்கு திரும்பவில்லை, புதிதாகத் தொடங்கிவிட்டோம். சயானில் ஒரு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் வழக்கு நிற்காது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்கிறவர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கும் விலக்கு பொருள் வாங்குவதைத்தான் சொல்கிறது, சேவைக்கும் பொருந்துமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை.

கூகுள் பிசினஸ் புரொஃபைல் மட்டும் மீண்டது. கூகுளிலும் மேப்பிலும் கடைப் பெயரைத் தேடினால் முகவரி, நம்பரோடு வருகிறதே, அதுதான். அதை எப்படி என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இலவசம் என்பதே பலருக்குத் தெரியாது. மேப்பில் நம் கடையைத் திறந்து, உரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல மூன்று நாள் கொடுப்பார்கள். கம்பெனி பதில் சொல்லவில்லை. பிறகு கூகுள் எங்களிடம் வீடியோ கேட்டது: தெரு தெரிய வேண்டும், பெயர்ப்பலகை தெரிய வேண்டும், உள்ளே சரக்கும் மெஷினும் தெரிய வேண்டும், கடை நம் கையில்தான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்கு, கூட்டம் சேர்வதற்கு முன்னால் எடுத்தோம். நான் 90 அடி ரோட்டிலிருந்து போனைப் பிடித்துக்கொண்டே சந்துக்குள் வந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, போனுக்குத் தெரியும்படி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டு, குனிந்து ஷட்டரைத் திறந்தார். சில நாளில் எங்கள் நம்பர் திரும்ப வந்தது.

புதுத் தளத்துக்குச் சர்ச் கன்சோலை என் மெயிலிலேயே போட்டிருக்கிறேன். மூன்று மாத விவரம் சேர்ந்ததும் பார்த்தால், எங்களைத் தேடி வந்தவர்களில் நிறையப் பேர் தட்டியது புதுப் பை அல்ல, பை ரிப்பேர். ரன்னர் போன ஜிப், அறுந்த பிடி, கிழிந்த உள்துணி. ஒன்பது மாதம் 28 பக்கம் அனுப்பியவர்கள் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இப்போது வாசலில் ரிப்பேருக்குத் தனி மேஜை போட்டிருக்கிறோம், தளத்திலும் அதற்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கம் யாராவது இப்படி மாட்டியிருந்தால், அல்லது உங்கள் கடைக் கணக்கு யார் மெயிலில் இருக்கிறது என்று தெரியாமல் இருந்தால், கமெண்டில் எழுதுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையில்தான் இருப்பேன். போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடலாம்.